புதன்கிழமைப் பொடி

என் அண்ணனை எனக்குப் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. இப்போதுதான் காரணம் கையில் கிடைத்திருக்கிறது. ஊரில் பாதிப் பேர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். சர்க்கரை வியாதிக்கு மூலிகைப் பொடி விற்கிறான். 'சூரணம்' என்று பட்டப்பெயர் வேறு. அந்தப் பொடியை ஒரு வருடமாக அரைத்துக் கொடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டு முடித்துவிட்டு யாரும் என்னை உத்தமி என்று நினைக்க வேண்டாம்.

எனக்குத் தொழில் மாவு மில். இரண்டு மெஷின். ஒன்று அரிசி, கோதுமைக்கு. இன்னொன்று மிளகாய், மல்லி, மஞ்சளுக்கு. காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் வரிசையாக டப்பாக்கள் நிற்கும், டப்பாக்களுக்குப் பின்னால் சண்டை நிற்கும். மிளகாய் அரைத்த மெஷினில் அடுத்தது யார் போடுவது என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளும் பார்வை இருக்கிறதே, சொத்துத் தகராறில்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருபது வருடம் மிளகாய் நெடியில் நின்றுவிட்டு வந்து சொல்லட்டும்.

புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் வேறு யாருக்கும் அரைக்க மாட்டேன். அது அண்ணனுடைய நேரம். அவனுடைய சாமான் அவ்வளவு கசப்பு. அரைத்து முடித்து ஒரு மரக்கால் உமியை விட்டு ஓட்டினால்தான் மெஷின் பழைய நிலைக்கு வரும். சிறுகுறிஞ்சான் இலை, நாவல் கொட்டை, வெந்தயம், இன்னும் நாலைந்து. முகத்துக்குப் போடும் பவுடர் போல வர வேண்டும் என்பான். மூன்று முறை ஓட்டுவேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் நாலைந்து தடவை ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து மேலண்ணத்தில் தேய்த்துப் பார்ப்பேன். நறநறவென்றால் மறுபடி உள்ளே போகும். எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படித்தான். மாவைச் சல்லடையில் பார்ப்பவள் மில்லுக்குப் புதியவள்.

பொடி வெறும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. இலையைப் பற்றி எனக்கு எந்தப் பகையும் இல்லை. பகை எல்லாம் அவன் அதை விற்கும் அழகைப் பற்றித்தான். கடை வாசலில் ஒரு தட்டில் சர்க்கரை, ஒரு தட்டில் காய்ந்த இலை. வருகிறவர் வாயில் இலையைத் திணித்து மெல்லச் சொல்லுவான். பிறகு ஒரு கரண்டி சர்க்கரை.

"எப்படி இருக்கு?"

"ஐயோ, மண்ணு மாதிரி இருக்குங்க!"

"நாக்குலயே சர்க்கரையைக் கொன்னுடுச்சு. ரத்தத்துல மட்டும் விட்டு வைக்குமா?"

கூட்டம் வாயைப் பிளக்கும். இலை நாக்கைத்தான் ஏமாற்றுகிறது. ரத்தத்துக்கு நாக்கு கிடையாது. இதை ஒருநாள் அவன் கடை வாசலில் நின்றே சொன்னேன். "பாப்பா, உனக்கு மாவு தெரியும், மருந்து எனக்குத் தெரியும்" என்று எல்லோர் முன்னாலும் என் தலையைத் தட்டினான். எனக்கு ஐம்பது வயது. இன்னும் பாப்பா.

முதல் ஆறு மாதம் பொடி பெரிதாகப் போகவில்லை. சிலருக்குக் கொஞ்சம் குறைந்தது, பலருக்கு அப்படியே இருந்தது. பிறகு சாமான்களோடு ஒரு வெள்ளைப் பை வர ஆரம்பித்தது.

"இது என்ன?"

"கிழங்கு மாவு. என்ன கிழங்குன்னு கேக்காத, அதுதான் என் ரகசியம். கடைசி ஓட்டத்துல போடு. மெஷின்ல கலந்தாத்தான் எல்லாத்துலயும் சமமாப் பரவும்."

கையை விட்டுப் பார்த்தேன். கிழங்கு மாவை விரலுக்கிடையில் அழுத்தினால் கிறுக் என்று ஒரு சத்தம் வரும். எந்தக் கிழங்காக இருந்தாலும் வரும். இது ஊமையாக இருந்தது. கிழங்கு மாவு இல்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. சுண்ணாம்புக் கல் பொடி, எடைக்குக் கலக்கிறான் என்று முடிவு கட்டினேன். மில்லில் உட்கார்ந்தவளுக்குக் கலப்படம் என்றால் எடைதான் நினைவுக்கு வரும். மிளகாய்த்தூளில் செங்கல்லும் மல்லித்தூளில் உமியும் பார்த்துப் பழகிய புத்தி. திருடன், திருடிவிட்டுப் போகட்டும், யார் உயிரும் போகப் போவதில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிய ஒரே இடம் அதுதான்.

அதற்குப் பிறகுதான் பொடி பிடித்துக்கொண்டது. முந்நூறு இருந்தவருக்கு நூற்று இருபது. காலையிலேயே அண்ணன் கடையில் வரிசை. எனக்கும் அதே நாளிலிருந்து ஒரு தொல்லை ஆரம்பித்தது. புதன்கிழமை மூன்று, மூன்றரை மணி ஆனால் கை நடுங்கும். முதுகில் குளிர்ந்து வேர்க்கும். நெஞ்சு படபடக்கும். எதிரில் நிற்பவரைக் கடித்துத் தின்றுவிடலாம் போல ஒரு பசி, அதைவிடப் பெரிய கோபம். கசப்பு வாயோடு சாப்பாடு இறங்காது என்பதால் புதன் மட்டும் நான் நாலு மணிக்குத்தான் சாப்பிடுவேன். வயிறு காய்கிறது, வயதும் ஆகிறது, மாதவிலக்கு நிற்கிற காலம், இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் குடிப்பேன். நாக்கில் இலை இருப்பதால் அதுவும் வெந்நீராகத்தான் இருக்கும். குடித்துக்கொண்டே அண்ணனைத் திட்டுவேன்.

இனி என் வீட்டுக்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். இருபத்திரண்டு வருடம், பதினான்கு பிள்ளைகள், ஒரு கீறல் கிடையாது. ஹாரன் அடிக்கக் கூச்சப்படுகிற ஒரே டிரைவர் உலகத்திலேயே அவர்தான். வீட்டில் அவருக்குப் பேச்சு இல்லை, வேனில் ஏறினால்தான் வாய் திறக்கும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல் ஆடுகிறது என்பதுவரை தெரியும். வருடா வருடம் வண்டி ஓட்ட உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். இந்த வருடம் போனபோது சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு.

டாக்டரம்மா கையெழுத்துப் போடவில்லை. மாத்திரையைக் கூட்டினார். "ஒரு மாசம் கழிச்சு வாங்க. குறைஞ்சா போடறேன்" என்றார். நான் அண்ணன் பொடியைப் பற்றிக் கேட்டேன்.

"இலைல தப்பில்லம்மா. கொஞ்சம் குறைக்கும்னு சொல்றாங்க, ஆனா கொஞ்சம்தான். மாத்திரைக்குப் பதிலா ஆகாது. மாத்திரையோட சேர்த்துச் சாப்பிட்டா அளவுக்கு மேல இறங்கிடலாம். சாப்பிடறதா இருந்தா என்கிட்ட சொல்லிட்டுத்தான் சாப்பிடணும். டிரைவர், உங்களுக்குத்தான் சொல்றேன்."

"சரிங்க மேடம்" என்று இவர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்.

வெளியே வந்ததும் நான் விரலை நீட்டினேன். "அவன் பொடி வீட்டுக்குள்ள வந்துச்சு, நடக்கறதே வேற."

"வராது" என்றார். வீட்டுக்குள் வரவில்லைதான். வேனுக்குள் வந்திருக்கிறது. முதலுதவிப் பெட்டிக்குப் பின்னால், துணி சுற்றிய டப்பாவில்.

எனக்குத் தெரிந்தது ஒரு திங்கள்கிழமை. கையெழுத்துக்கு இன்னும் மூன்று நாள். அன்று காலை வீட்டில் ரத்தம் பார்க்கும் மெஷினில் விரலைக் குத்திப் பார்த்துத் தொண்ணூற்றிரண்டு என்று காட்டியபோது இவர் முகம் மலர்ந்ததை நான் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. நானும் மாத்திரை வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பதினொரு மணிக்கு மில் வாசலில் அண்ணன் வந்து நின்றான். வரிசையில் எட்டுப் பேர்.

"என்ன பாப்பா, மாப்பிள்ளைக்குத் தொண்ணூத்தி ரெண்டாமே! மூணு வாரத்துல! இப்ப என்ன சொல்ற?"

"டாக்டர் மாத்திரை."

"மாத்திரையா? மாப்பிள்ளையையே கேளு. காலையும் சாயங்காலமும் என் பொடி. 'மச்சான், அவகிட்ட சொல்லாதீங்க'ன்னு என் கையைப் பிடிச்சிக் கேட்டாரு. நானும் சொல்லல. நம்பர் வந்துச்சு, சொல்றேன்."

வரிசையில் நின்ற தையற்காரி கையைத் தட்டினாள். "நான் எல்லாம் மாத்திரையைத் தொட்டே ஆறு மாசம் ஆச்சும்மா. அத்தனையும் கெமிக்கல். அண்ணன் பொடி மட்டும்தான். நூத்திப் பத்து!"

"கூடப் பிறந்தவன் நல்லா இருந்தா உனக்கு வயிறு எரியுது" என்றான் அண்ணன், எல்லோருக்கும் கேட்கும்படி. எல்லோரும் சிரித்தார்கள். எரியத்தான் செய்தது. அவனைவிட இவர்மேல் அதிகமாக எரிந்தது.

சாயங்காலம் வீட்டில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். இவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னார்.

"டாக்டர் மாத்திரை ஒரு பக்கம், மச்சான் பொடி ஒரு பக்கம். ரெண்டு பேரும் சேந்து தள்ளினா வண்டி சீக்கிரம் நகரும் இல்ல?"

"பள்ளத்துல போய் விழும்."

"கையெழுத்து வேணும். வண்டி போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லு. உன் மில்லுல வந்து டப்பா பிடிக்கணுமா?"

"பிடிச்சா என்ன, கை தேஞ்சிடுமா?"

அவர் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வேனைத் துடைக்கப் போய்விட்டார். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்கும் மனநிலையில் இல்லை.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் அவர் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குவளையைத் தூக்கினார், பாதித் தண்ணீர் மேஜையில் சிந்தியது. "எங்க ரொட்டி? எவ்வளவு நேரம்?" என்று கத்தினார். இந்த மனிதர் கத்தி நான் கேட்டதில்லை. ரொட்டியை நாலு துண்டு மென்றுகூடப் பார்க்காமல் விழுங்கினார். கால் மணி நேரத்தில் பழையபடி ஆகி, எதுவும் நடக்காதது போலச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் ரொட்டிக் கத்தியோடு அப்படியே நின்றேன். அந்த வேர்வை, அந்த நடுக்கம், அந்தக் கோபம், அந்தப் பசி, எல்லாம் எனக்குத் தெரியும். ஆறு மாதமாகப் புதன்கிழமை தோறும் எனக்கு வருவது.

அவராவது மாத்திரை சாப்பிடுகிறார். நான் என்ன சாப்பிடுகிறேன்? எனக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது. நாக்கில் வைக்கும் பொடியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

புதன்கிழமை அவருடைய ரத்தம் பார்க்கும் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனேன். அரைப்பதற்கு முன் விரலைக் குத்தினேன். தொண்ணூற்றாறு. அண்ணன் சாமானை எப்போதும் போல மூன்று ஓட்டம் ஓட்டினேன், எப்போதும் போல நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பையைக் கொட்டுவதற்கு முன் அதிலிருந்து இரண்டு கைப்பிடி எடுத்து ஒரு டப்பாவில் தனியாக வைத்தேன். கலந்த பொடியிலும் ஒரு டப்பா. மூன்று நாற்பதுக்கு முதுகு குளிர்ந்தது. விரலைக் குத்தினேன்.

நாற்பத்தெட்டு.

எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. மெஷின் தப்பு என்று இன்னொரு விரலைக் குத்தினேன். நாற்பத்தொன்பது. ஸ்டூலில் உட்கார்ந்து சர்க்கரை டப்பாவைத் திறந்து அப்படியே கரண்டி கரண்டியாக வாயில் போட்டேன். மண் தின்பது போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் இவர் பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பெரிய சாலையைக் கடந்துகொண்டிருப்பார். போன் செய்தேன். எடுக்கவில்லை. வண்டி ஓடும்போது அவர் எடுக்கவே மாட்டார். ஐந்து மணிக்கு அவரே கூப்பிட்டு, "என்ன, ஆறு தடவை கூப்பிட்டிருக்க?" என்று கேட்கும் வரை நான் ஷட்டர் பக்கத்திலேயே நின்றேன்.

அங்கிருந்து நேராக அண்ணன் வீடு. அவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அண்ணி ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து அவன் கையில் இரண்டு மாத்திரை வைத்தாள். என்னைப் பார்த்ததும் பெட்டியை முந்தானைக்குள் மறைத்தாள். அவனுக்கும் சர்க்கரை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"நீ உன் பொடியைச் சாப்பிட மாட்டியா?" என்றேன்.

"என்ன விஷயம், அதச் சொல்லு."

வெள்ளை டப்பாவை மேஜையில் வைத்தேன். "இது கிழங்கு இல்ல. இது சர்க்கரை வியாதி மாத்திரையைப் பொடிச்சது. எனக்கு இன்னிக்கு நாப்பத்தெட்டு."

அவன் மறுக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. அண்ணியை உள்ளே போகச் சொல்லிவிட்டு, மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தான்.

"ஆறு மாசம் வெறும் இலைதான் குடுத்தேன். பத்துல ரெண்டு பேருக்குக் கொறைஞ்சுது. மீதி எட்டு பேரும் கடை வாசல்ல நின்னு என்னைக் கிழிகிழின்னு கிழிச்சானுங்க. மாத்திரை சாப்பிடுங்கன்னு சொன்னா ஒருத்தனும் சாப்பிட மாட்டேங்கறான். கெமிக்கலாம். இலைன்னா சாப்பிடறான். அதான் இலைக்குள்ள வச்சுக் குடுத்தேன். எத்தனை பேருக்குக் கால் தப்பிச்சிருக்கு, கண்ணு தப்பிச்சிருக்கு, தெரியுமா உனக்கு? புண்ணியம் பாப்பா."

"ஏற்கெனவே மாத்திரை சாப்பிடறவன் சாப்பிட்டா?"

"சாப்பிடாதேன்னு சொல்லித்தான் குடுக்கறேன்."

"என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

அவன் தட்டைப் பார்த்தான். "அவரு கெஞ்சினாரு. வண்டி போயிடும்னாரு."

"பதினாலு பிள்ளைங்க அந்த வண்டில!"

"கத்தாத. யார்கிட்ட வேணா போய்ச் சொல்லு. எங்க அரைச்சதுன்னு முதல்ல கேப்பாங்க. உன் மெஷினைத் தொறந்து பாத்தா சந்து பொந்தெல்லாம் இதுதான் இருக்கும். அரைச்சது யாரு? நாக்குல வச்சுப் பாத்துப் பாத்து அரைச்சுக் குடுத்தது யாரு?"

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அவன் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அண்ணி ஓடி வந்தாள். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேனில் இருந்த பொடியை அவர் கண் முன்னாலேயே சாக்கடையில் கொட்டினேன். அவர் தடுக்கவில்லை. வேன் படியில் போய் உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஒரு நாள்" என்றார். "கையெழுத்து வாங்கிடுவோம். இனிமே பொடி கிடையாது, சத்தியம். மாத்திரை மட்டும். டாக்டர்கிட்ட எதுவும் பேசிடாத. உன் கால்ல விழறேன்."

நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை நானும் வேனில் ஏறினேன். கையில் சர்க்கரை கரைத்த தண்ணீர் பாட்டில். அவரை அன்று ஓட்ட விட்டதே தப்பு. மாற்று டிரைவர் கேட்டால் பள்ளிக்கூடத்தில் காரணம் கேட்பார்கள் என்று இருவரும் பயந்தோம். பொடியைத்தான் கொட்டிவிட்டோமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உடம்பில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யோசிக்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஏறின. பல் விழுந்த கதை, பென்சில் தொலைந்த கதை. பத்தாவது பிள்ளையின் வீட்டு வாசலில் நிற்காமல் வேன் போய்க்கொண்டே இருந்தது.

"அங்கிள், நிறுத்துங்க! வீடு தாண்டிடுச்சு!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தை கத்தினாள்.

அவர் நிறுத்தவில்லை. முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, பார்வை எங்கேயோ இருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, அவர் சிமிட்டவில்லை. முன்னால் சிவப்பு விளக்கு. நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கிக் காதுக்குள் கத்தினேன். கால் தானாகப் பிரேக்கில் போய் விழுந்தது. பிள்ளைகள் முன் சீட்டில் மோதிக்கொண்டார்கள். முன்னால் நின்ற லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இருக்கவில்லை. பாட்டிலை அவர் வாயில் திணித்தேன். பாதி சட்டையில் போனது. கொஞ்ச நேரம் கழித்து, "பச்சை போட்டாச்சா?" என்று கேட்டார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. சாவியைப் பிடுங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். வண்டி பழுது என்றேன். அதுவும் பொய்தான். வேறு வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது.

பத்து மணிக்கு டாக்டரம்மா அறை. இவர் தலை சீவி, சட்டை மாற்றி, பையனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டரம்மா சிரித்தார்.

"நூத்தி நாலு. ஒரே மாசத்துல! எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்ல." பேனா மூடியைக் கழற்றினார். "மயக்கம், நடுக்கம், அந்த மாதிரி ஏதாவது?"

"இல்லீங்க மேடம்" என்றார் இவர். மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்தார். அப்படி அவர் என் கையைப் பிடித்துப் பல வருடம் ஆகிறது. விடுவித்துக்கொண்டு, பையிலிருந்து மெஷினை எடுத்து அவர் கையெழுத்துப் போட இருந்த தாளின் மேல் வைத்தேன்.

"நாப்பத்தெட்டு. நேத்து மூணு நாப்பதுக்கு."

"இது இவருக்கா?"

"அந்த மெஷின் பழசு மேடம், கண்டபடி காட்டும்" என்று இவர் குறுக்கே விழுந்தார்.

"இது என் ரத்தம்" என்றேன். "எனக்குச் சர்க்கரை வியாதி இல்ல."

அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. வெள்ளைப் பை, நாக்கு, வேன் டப்பா, காலையில் சிவப்பு விளக்கு, எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு டப்பாவையும் மேஜையில் வைத்தேன். யார் கடை, யார் மில் என்று கேட்டார். இரண்டையும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"மூணு மாசம் எந்த வண்டியும் தொடக் கூடாது. அப்புறம் பாக்கலாம். இன்னிக்கே இங்க படுங்க. காலைல சரியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க, அது இன்னும் உள்ள இருக்கு, திரும்ப இறங்கும். இதைச் சோதனைக்கு அனுப்பறேன். அதிகாரிங்க உங்க மில்லுக்கும் வருவாங்கம்மா."

"வரட்டும்."

மூன்று மாதம் பள்ளிக்கூடம் காத்திருக்காது. அன்று மத்தியானமே வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். செய்தி அவர் படுக்கையில் இருக்கும்போதே போனில் வந்தது. நன்றி என்றுகூடச் சொல்லத் தெரியாத ஒரு கிளார்க்கின் குரல். நர்ஸ் வந்து மணிக்கொரு தரம் விரலைக் குத்தினாள், அவர் குத்தக் கொடுத்தார். என் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார்.

மறுநாள் வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பாதி வழிக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"வேன்லயே செத்திருந்தா டிரைவராவாவது செத்திருப்பேன்."

"பதினாலு பிள்ளைங்களோடவா?"

திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு வெறுப்பை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை.

"அரைச்சுக் குடுத்தது நீ" என்றார். "காட்டிக் குடுத்ததும் நீ. கையால தொட்ட அன்னிக்கே அது கிழங்கு இல்லன்னு உனக்குத் தெரியும். அன்னிக்கு ஏன்டி பேசல?"

எங்கள் நிறுத்தம் வரும் முன்பே அவர் இறங்கி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பஸ் கிளம்பியது.  அவர் விட்டுப்போன ஜன்னலோரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.